யார் மறைக்கிறார்கள் கேன்சர் மருந்தை?



“கேன்சர் என்பது நோயே அல்ல, வைட்டமின் பி17 குறைபாடுதான். உண்மை தெரிந்தால் மருந்து கம்பெனிகள் கடையை மூடவேண்டியிருக்கும் என்பதால் மறைக்கிறார்கள்.” இப்படி ஒரு செய்தி உங்கள் போனுக்கும் வந்திருக்கும். வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறது. சில குரூப்களில் பி17 இடத்தில் முள் சீத்தா. கீமோதெரபியைவிட 10,000 மடங்கு சக்தி, ஒரு பெரிய கம்பெனி கண்டுபிடித்துப் பூட்டி வைத்துவிட்டது என்பார்கள். கடைசியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: ‘ஓர் உயிரைக் காப்பாற்ற உடனே எல்லோருக்கும் அனுப்புங்கள்.’

அனுப்புகிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. நம் சித்தப்பா அனுப்புகிறார், பெரியம்மா அனுப்புகிறார், ஆபீஸில் பக்கத்து சீட்காரர் அனுப்புகிறார். அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அந்த அக்கறை ஒரு வீட்டுக்குள் நுழைந்து என்ன செய்கிறது என்பதை இந்த இதழில் பேசியே ஆகவேண்டும் என்று நினைத்தேன். காரணம், ஒரு வாசகியின் கடிதம்.

மார்பில் கட்டி. பயாப்ஸி ரிப்போர்ட் வந்தாயிற்று. இரண்டாம் கட்டம், ஆபரேஷன் செய்து கீமோ கொடுத்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அன்று இரவே கணவரின் அண்ணன் ஒரு வீடியோ அனுப்பி, போனும் செய்திருக்கிறார். “கீமோ போட்டா முடியெல்லாம் கொட்டிரும்மா. கத்தி பட்டா பரவிரும். இதை மூணு மாசம் சாப்பிட்டுப் பாரு, அப்புறம் முடிவு பண்ணலாம்.” நான்கே நாளில் கூரியரில் ஒரு பாலித்தீன் பை. உள்ளே காய்ந்த இலை. தினமும் காலையில் எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்க வைத்து, வடிகட்டி, ஒரு டம்ளர். ரிப்போர்ட் பீரோவில் புடவைகளுக்கு அடியில் போய்விட்டது. மூன்றாவது மாதம் குளிக்கும்போது அக்குளில் இன்னொரு கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கிறது.

இப்போது முறையான சிகிச்சையில் இருக்கிறார். தேறி வரவேண்டும் என்று நாம் எல்லோரும் வேண்டிக்கொள்வோம். கடிதத்தில் அவர் கேட்டிருந்த கேள்வி இதுதான்: “நிஜமாகவே மருந்தை மறைக்கிறார்களா, இல்லையா? எனக்கு ஒரு பதில் வேண்டும்.”

முதலில் அந்த பி17 கதையைப் பார்ப்போம். இது நம் ஊர்க் கதையே இல்லை, அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆப்ரிகாட் கொட்டையின் பருப்பிலும் கசப்பு பாதாமிலும் அமிக்டலின் என்று ஒரு பொருள் இருக்கிறது. அதையொட்டிய ஒரு மருந்தை ‘லேட்ரைல்’ என்ற பெயரில் எர்ன்ஸ்ட் கிரெப்ஸ் என்ற பெயர் கொண்ட அப்பாவும் மகனும் கேன்சருக்கு என்று பரப்பினார்கள். மகன்தான் அதற்கு ‘வைட்டமின் பி17’ என்று பெயர் சூட்டினார். அது வைட்டமினே அல்ல. அது இல்லாததால் யாருக்கும் எந்த நோயும் வருவதில்லை.

அமெரிக்க அரசு அனுமதி தரவில்லை. அவ்வளவுதான், ‘மறைக்கிறார்கள்’ என்ற கோஷம் கிளம்பிவிட்டது. 1970களில் அது ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தனிச் சட்டம் போட்டு அதை அனுமதித்தன. நோயாளிகள் எல்லை தாண்டி மெக்சிகோவில் இருந்த கிளினிக்குகளுக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவர் ஹாலிவுட்டின் பெரிய நட்சத்திரம் ஸ்டீவ் மெக்குவீன். பணத்துக்குக் குறைவில்லை, புகழுக்குக் குறைவில்லை. 1980 நவம்பரில் மெக்சிகோவில் இறந்துபோனார். வயது 50.

அதே காலத்தில் நடந்த இன்னொன்றைத்தான் எந்த ஃபார்வர்டும் சொல்வதில்லை. மக்கள் இவ்வளவு நம்புகிறார்கள், சரி, சோதித்தே பார்த்துவிடுவோம் என்று அமெரிக்க அரசின் தேசியப் புற்றுநோய் நிறுவனமே முன்வந்தது. மேயோ கிளினிக் உள்ளிட்ட பெரிய மருத்துவமனைகளில் 178 நோயாளிகளுக்கு அந்த மருந்தையே கொடுத்தார்கள். லேட்ரைல் ஆதரவாளர்கள் சொல்லும் உணவு முறை, வைட்டமின்கள் எல்லாம் சேர்த்துத்தான் கொடுத்தார்கள். முடிவு 1982இல் வெளியானது. யாருக்கும் குணமாகவில்லை. நோய் வளர்வது நிற்கவில்லை. ஆயுளும் நீளவில்லை. சிலருக்கு ரத்தத்தில் சயனைடு ஏறியிருந்தது. அமிக்டலின் உடலுக்குள் உடையும்போது வெளிவருவது அதே சயனைடுதான்.

மறைக்க நினைக்கிற அரசு, தன் காசைச் செலவழித்து இப்படி ஒரு சோதனை நடத்தி, முடிவை உலகமே படிக்கும் பத்திரிகையில் போடுமா?

முள் சீத்தாவும் இப்படித்தான். ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் வைத்த கேன்சர் செல்களை அதன் சாறு கொன்றது உண்மை. தட்டில் இருக்கும் செல்லைக் கொல்வது பெரிய விஷயமே இல்லை, பினாயில் ஊற்றினாலும் சாகும். மனிதருக்குக் கொடுத்து, கேன்சர் குணமானது என்று காட்டிய முறையான சோதனை ஒன்றுகூட இல்லை. மாறாக, கரீபியன் தீவான குவாதலூப்பில் அதன் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நெடுநாள் சாப்பிட்டவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்புக் கோளாறு அதிகம் தென்பட்டதாக 1999இல் டாக்டர்கள் எச்சரித்திருக்கிறார்கள். எப்போதாவது ஒரு பழம் சாப்பிடுவதைப் பற்றி நான் சொல்லவில்லை. மருந்து என்று நினைத்து மாதக்கணக்கில் தினமும் குடிப்பதைச் சொல்கிறேன்.

“செடிக்கு பேட்டன்ட் வாங்க முடியாது சார், லாபம் இல்லை, அதனால்தான் அமுக்குகிறார்கள்” என்று நன்றாகப் படித்தவர்களே என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள்.

சுடுகாட்டு மல்லி என்று சொல்லி நம்மில் பலர் வீட்டுக்குள் விடமாட்டோமே, அதே செடிதான். ஜமைக்காவில் அதன் இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயமாகக் குடித்துவந்தார்கள். 1952இல் அங்கிருந்து தபாலில் வந்த கொஞ்சம் இலையை, கனடாவில் இருந்த ஒரு டாக்டர், ஆராய்ச்சியாளராக இருந்த ராபர்ட் நோபிள் என்ற தன் தம்பிக்குக் கொடுத்தார். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தால் சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணுக்கள்தான் குறைந்தன. அப்படியானால் வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கு இது உதவுமா? அந்தக் கேள்வியைத் தொடர்ந்துபோய் நோபிளும் சார்லஸ் பியரும் வின்பிளாஸ்டின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியிலிருந்து எலி லில்லி கம்பெனி வின்கிறிஸ்டினைக் கொண்டுவந்தது. 1963இல் அனுமதி கிடைத்தது. ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் உலகமெங்கும் முதலில் கொடுக்கிற மருந்துகளில் அதுவும் ஒன்று. நம் தென் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் விளையும் நித்தியகல்யாணி மருந்துக்காகக் கப்பலேறுகிறது. யார் மறைத்தார்கள்? கம்பெனிக்குக் கொள்ளை லாபமே வந்தது.

(தயவுசெய்து யாரும் அந்த இலையைப் பறித்துக் கொதிக்க வைக்காதீர்கள். ஒரு கிராம் மருந்தெடுக்க நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அந்த மருந்தையும் அளவு கொஞ்சமும் பிசகாமல்தான் ஏற்றவேண்டும்.)

பாஷாணத்தின் கதை இன்னும் ஆச்சரியம். 1970களில் வடகிழக்குச் சீனாவில் ஹார்பின் நகரத்து டாக்டர்கள், கிராமத்து வைத்தியர் ஒருவரின் மருந்தைக் கேள்விப்பட்டு ஆராய ஆரம்பித்தார்கள். அதிலிருந்த ஆர்சனிக், அதாவது பாஷாணம், ஒரு குறிப்பிட்ட வகை ரத்தப் புற்றுநோயை விரட்டுகிறது என்று தெரிந்தது. நாட்டு வைத்தியரின் சரக்கு, கம்யூனிஸ்ட் நாட்டின் அரசு ஆஸ்பத்திரி. அமுக்குவதற்கு இதைவிட வசதியான மருந்து இருக்க முடியுமா? 2000இல் அமெரிக்காவே அதற்கு அனுமதி கொடுத்தது. ஒரு காலத்தில் சில நாட்களிலேயே ஆளை முடித்துவிடக்கூடியதாக இருந்த அந்த வகையில், இன்று பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள்.

நம் நாட்டு உதாரணமும் சொல்லிவிடுகிறேன். பல் பிடுங்கும்போது மரத்துப்போக ஓர் ஊசி போடுவார்களே, லிக்னோகைன். பேட்டன்ட் காலாவதியாகி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. மார்பகக் கட்டியை வெட்டி எடுப்பதற்குச் சில நிமிடங்கள் முன்பு கட்டியைச் சுற்றி அதைச் செலுத்தினால் என்ன ஆகும் என்று மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை டாக்டர்கள் சோதித்தார்கள். நாட்டின் 11 மையங்களில் ஏறத்தாழ 1,600 பெண்கள். ஊசி போடாதவர்களில் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 86 பேர். போட்டவர்களில் 90 பேர். செலவு நூறு ரூபாய்க்குள். 2023இல் அமெரிக்கப் புற்றுநோய் டாக்டர்கள் சங்கத்தின் பத்திரிகையிலேயே இது வெளியானது. நூறு ரூபாய் மருந்தில் எந்தக் கம்பெனிக்கு லாபம்? ஆனாலும் வெளியே வந்ததே!

அப்படியானால் மருந்து கம்பெனிகள் எல்லாம் தர்ம சத்திரமா? நிச்சயமாக இல்லை. அவர்கள் மேல் மக்களுக்கு இருக்கும் கோபத்தில் பெரும்பகுதி நியாயமானது. பாதகமான சோதனை முடிவுகளை வெளியிடாமல் வைத்திருக்கிறார்கள். சின்னப் பலனைப் பெரிதாக ஊதிக் காட்டுகிறார்கள். கணையப் புற்றுநோய்க்கு 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு மாத்திரை, ஏற்கெனவே கொடுக்கும் மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது சராசரி ஆயுளைக் கூட்டியது ஏறக்குறைய பத்து நாள்தான். அதையும் பெரும் விலைக்கு விற்றார்கள். எனக்கு இந்த ஓர் உதாரணம் போதும். பத்து நாள் கூட்டித் தரும் மாத்திரையையே காசாக்குகிறவர்கள், அடியோடு குணமாக்கும் மருந்து கையில் இருந்தால் பீரோவில் பூட்டி வைப்பார்களா? போட்டிக் கம்பெனிக்காரன் சும்மா இருப்பானா? லாப நோக்கமே இல்லாமல் கியூபா அரசு தன் ஆய்வகங்களில் நுரையீரல் புற்றுநோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருக்கிறதே, அவர்களும் சேர்ந்தா மறைக்கிறார்கள்? கேன்சர் டாக்டர்களின் வீட்டிலும் கேன்சர் வருகிறது. தன் பிள்ளைக்குக்கூடக் கொடுக்காமல் எந்தத் தகப்பன் மறைப்பான்?

கண்ணுக்குத் தெரிந்த மருந்து கைக்கு எட்டாமல் போவதுதான் நம் வீடுகளின் நிஜமான கஷ்டம். கிளிவெக் வழக்கு நினைவிருக்கிறதா? ஒரு வகை ரத்தப் புற்றுநோயை, தினம் ஒரு மாத்திரையில் கட்டுக்குள் வைத்திருக்கும் அருமையான மருந்து. நோவார்ட்டிஸ் கம்பெனியின் விலை மாதத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். நம் நாட்டுக் கம்பெனிகள் அதே மருந்தைப் பத்தாயிரத்துக்குள் கொடுத்தன. நோவார்ட்டிஸ் கேட்ட பேட்டன்ட்டை 2006இல் மறுத்தது நம் சென்னை பேட்டன்ட் அலுவலகம். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கம்பெனியின் மனுவைத் தள்ளுபடி செய்தது. அடுத்து நடந்ததும் முக்கியம்: மாதம் ஒரு லட்சம் புரட்ட முடியாத குடும்பங்களால் தைரியமாக மாத்திரையைத் தொடர முடிந்தது. நோயாளிகளுக்காக வாதாடியவர்கள் பெயர் தெரிந்த மருந்துக்காக, சட்டப் பிரிவைக் காட்டி, நீதிமன்றத்தில் நின்று ஜெயித்தார்கள். நம் கோபமும் அந்தப் பக்கம்தான் போகவேண்டும். மருந்து விலை, மாவட்ட ஆஸ்பத்திரியில் கதிரியக்க மெஷின், சென்னைக்கும் மதுரைக்கும் அலையும் பஸ் செலவு... கேட்கவேண்டியது எவ்வளவோ இருக்கிறது.

கேன்சர் விஷயத்தில் உண்மையிலேயே ஒரு பெரிய மறைப்பு நடந்தது. மறைக்கப்பட்டது மருந்து இல்லை, காரணம். சிகரெட் நுரையீரல் புற்றுநோயைக் கொண்டுவருகிறது என்று 1950இலேயே ஆய்வுகள் காட்டின. அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் ஒன்றுகூடி, 1954 ஜனவரியில் நானூறுக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் கொடுத்து, ‘இன்னும் நிரூபணமாகவில்லை’ என்று சாதித்தன. பத்து வருடம் இருபது வருடம் இல்லை, அதற்கும் மேல் இழுத்தடித்தன. எவ்வளவு பணம், எத்தனை வக்கீல்கள்! அப்படியும் அவர்களின் உள் ஆவணங்கள் லட்சக்கணக்கில் வெளியே வந்து, இன்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று கிடக்கின்றன. இத்தனை செல்வாக்கு இருந்தவர்களாலேயே மறைக்க முடியவில்லை. உலகத்தின் அத்தனை நாட்டு டாக்டர்களும் சேர்ந்து ஒரு கொட்டையின் மகிமையை மறைத்துவிட்டார்கள் என்பதை எப்படி நம்புவது?

‘மூன்று மாதம் பார்ப்போமே, என்ன நஷ்டம்?’ என்று கேட்கிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக டாக்டர்கள் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். உடலின் மற்ற பாகங்களுக்கு நோய் பரவாத, குணமாக நல்ல வாய்ப்புள்ள நோயாளிகளைப் பற்றியது. வழக்கமான சிகிச்சையை வேண்டாமென்று மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம், சிகிச்சை எடுத்தவர்களைவிட 2.5 மடங்கு. மார்பகப் புற்றுநோயில் மட்டும் பார்த்தால் 5 மடங்குக்கும் மேல்.

சித்த மருத்துவத்தையோ ஆயுர்வேதத்தையோ குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. கீமோ எடுக்கிறவர்கள் வேறு எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில மூலிகைகள் மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். ஆனால் ‘கேன்சரைக் குணமாக்குகிறோம்’ என்று யார் விளம்பரம் செய்தாலும் அது சட்டப்படி குற்றம். 1954லிருந்தே அதற்கு மத்திய அரசின் சட்டம் இருக்கிறது. எந்த வைத்தியமாக இருந்தாலும் அந்தச் சட்டம் பொருந்தும்.

எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. காடியின் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து கர்ப்பப்பை வாயில் தடவிப் பார்க்கும் எளிய பரிசோதனை ஒன்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் கிராமம் கிராமமாக, பயிற்சி பெற்ற நர்ஸுகளை வைத்து, 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு அதைச் செய்து பார்த்தார்கள். ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை மருத்துவமனையும் அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டும் அதில் பங்கெடுத்தன. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் 35 சதவிகிதம் குறைந்தது. 2007இல் லான்செட் பத்திரிகை அதை வெளியிட்டது. நம் திண்டுக்கல் பெண்களால் உலகத்துக்குக் கிடைத்த அறிவு இது.

அதன்பின் என்ன ஆயிற்று? 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுவரை உள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் இந்தப் புற்றுநோய்க்கு ஒருமுறையாவது பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இங்கே மறைக்கிறவர்கள் யார்? மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தப்போக்கு வந்தால் மகளிடம்கூடச் சொல்லாத அம்மாக்கள் இருக்கிறார்கள். மார்பில் தட்டுப்படும் கட்டியை, வலிக்கவில்லையே என்று பேத்தி கல்யாணம் முடியும்வரை மூடி மறைக்கிற பாட்டிகள் இருக்கிறார்கள். ‘கேன்சர்னு தெரிஞ்சா பொண்ணுக்கு வரன் வராது’ என்று பயந்து ரிப்போர்ட்டை ஒளித்து வைக்கிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களைத் திட்டி என்ன பயன்? பயம் அப்படிப் பண்ணவைக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, பேச வைப்பது நம் பொறுப்பு.

அடுத்த முறை அப்படி ஒரு வீடியோ வந்தால், எந்த மருத்துவமனையில், எத்தனை பேருக்குக் கொடுத்து, எத்தனை வருடம் கழித்து எத்தனை பேர் நலமாக இருந்தார்கள் என்று அனுப்பியவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பதில் வராவிட்டால் உங்களோடு நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்தில் அத்தைக்கோ அம்மாவுக்கோ ஒரு போன் போட்டு, “உடம்புக்கு எப்படி இருக்கு, எதையாவது சொல்லாம வெச்சிருக்கியா?” என்று கேளுங்கள். ஆறாத வாய்ப்புண், குறையாத கட்டி, காரணமில்லாத ரத்தப்போக்கு என்று எதைச் சொன்னாலும் அந்த வாரமே கூட்டிக்கொண்டு போங்கள். அரசு மருத்துவமனைகளில் பரிசோதனை இலவசம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் கேன்சர் சிகிச்சைக்கும் இடம் உண்டு, ரேஷன் கார்டையும் வருமானச் சான்றிதழையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்